இலக்கணமும் மொழிபெயர்ப்பும்: அயல்மொழி கற்பிக்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

அயல்மொழி கற்பிக்கப் புதிதாக வருகிறவரை முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமிருந்தும் இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். பயிற்சி வகுப்பில், “தாய்மொழியை வகுப்புக்குள் விடவே விடாதீர்கள்” என்பார்கள். கையில் கிடைக்கும் பாடநூலோ விதி, வாய்பாடு, சொற்பட்டியல், மொழிபெயர்க்க இருபது வாக்கியங்கள் என்று பழைய தடத்திலேயே போகும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் பலர் இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறார்கள். மாணவர்கள் வாய்பாட்டைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் வாய் வராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய தடத்துக்குப் பெயர் இலக்கண–மொழிபெயர்ப்பு முறை. அது கெட்ட பெயர் எடுத்ததற்கு இலக்கணத்தையோ மொழிபெயர்ப்பையோ குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத வாக்கியங்களைக் கொடுத்தது, ஒலியை மறந்தது, ஒரே திசையில் மட்டும் மொழிபெயர்க்க வைத்தது ஆகிய மூன்றும்தான் அதைக் கெடுத்தன. இந்த மூன்றையும் திருத்திக்கொண்டால், ஒரு மொழியில் ஏற்கெனவே நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இது இன்றும் மிக நல்ல வழி. எப்படித் திருத்திக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். தமிழ் தாய்மொழியாக உள்ளவருக்கு ஜெர்மன் கற்பிப்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஜெர்மன் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறையத்தான் காட்ட முடியும். வகுப்பில் அதன் சொந்த எழுத்திலேயே எழுதுங்கள். வேறு எந்த மொழிக்கும் படிகள் இவைதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

இதைத் தெரிந்துகொண்டால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது விளங்கும். ஐரோப்பாவில் இலத்தீனும் பண்டைக் கிரேக்கமும் படித்தவர்கள் பெரும்பாலும் நூல்களை வாசித்தே படித்தார்கள். பேசுவதற்கு ஆள் இல்லாத மொழிக்கு அந்த வழி பொருந்தியது. பின்னர் பிரெஞ்சு, ஆங்கிலம் போன்ற வாழும் மொழிகள் பள்ளிக்குள் வந்தபோது அதே வழியைக் கொஞ்சம் எளிதாக்கிக் கொடுத்தார்கள். 1783-இல் யோஹான் வாலன்டின் மைடிங்கர் ஜெர்மானியருக்காக எழுதிய பிரெஞ்சு இலக்கண நூல் இந்த வரிசையின் தொடக்கங்களில் ஒன்று. விதியைச் சொல்லி, அந்த விதிக்கென்றே அமைத்த வாக்கியங்களை மொழிபெயர்க்கச் சொல்வது அதன் வழி. பெரிய இலக்கியப் பகுதிகளை வைத்துத் திணறிய சிறுவர்களுக்கு ஒற்றை வாக்கியம் அன்று ஒரு கருணையாகவே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்யப் பள்ளிகளில் அது சட்டதிட்டமாக இறுகியது. கார்ல் ப்ளோட்ஸ் எழுதிய பாடநூல்களில் பிள்ளைகள் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தார்கள். அந்த வாக்கியங்களில் எதையும் யாரும் யாரிடமும் சொல்லவே போவதில்லை.

1882-இல் ஜெர்மானிய மொழியறிஞர் வில்ஹெல்ம் ஃபியட்டோர் புனைபெயரில் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்து, மொழிக் கல்வி திசை திரும்பியே ஆக வேண்டும் என்று முழங்கினார். பேச்சுக்கு முதலிடம், ஒட்டில்லாத வாக்கியங்களுக்குப் பதில் தொடர்ச்சியான பகுதி, விதியைப் பாடத்திலிருந்தே வருவித்தல் ஆகியவை அவரும் அவரைப் போன்ற சீர்திருத்தக்காரர்களும் வைத்த கோரிக்கைகள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1878-இல், அமெரிக்காவில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் தொடங்கிய பள்ளி தாய்மொழியையே வகுப்பிலிருந்து விலக்கியது. இந்த இரண்டு எதிர்ப்பையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சீர்திருத்தக்காரர்களில் முக்கியமானவரான ஹென்றி ஸ்வீட், புதுச் சொல்லின் பொருளைத் தெரிவிக்கத் தாய்மொழி வசதியான வழி என்றே 1899-இல் எழுதினார். அவர் கண்டித்தது வறண்ட வாக்கியங்களைத்தான். ஆகவே இந்தச் சண்டையில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

முதல் படி: வகுப்புக்குப் போகுமுன் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இந்த வேலையைத்தான் பெரும்பாலான புதிய ஆசிரியர்கள் தவிர்க்கிறார்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தமிழோடு பொருந்துவது, பொருந்துவது போலத் தோன்றி ஏமாற்றுவது, தமிழில் இல்லாதது.

பொருந்துவதில் தொடங்குவோம். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உண்டு. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கிறவருக்கு இது மலைப்பாக இருக்கும். தமிழ் மாணவருக்கு அப்படி இருக்கக் காரணமே இல்லை. ஐ, கு என்ற உருபுகளைப் பேச்சுக்குப் பேச்சு போட்டுக்கொண்டிருக்கிறவர் அவர். ‘உதவு’ என்ற வினைக்குத் தமிழில் கு உருபு: மனிதனுக்கு உதவுகிறேன். ஜெர்மனிலும் அதே நான்காம் வேற்றுமைதான்: ‘இஷ் ஹெல்ஃபெ டேம் மன்.’ நன்றி சொல்வதும் அப்படியே. குளிர்கிறது என்பதைத் தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குகிறோம்; ஜெர்மனிலும் ‘மீர் இஸ்ட் கல்ட்’, அதாவது ‘எனக்கு’ என்றே தொடங்குகிறார்கள். சார்பு வாக்கியத்தில் ஜெர்மன் வினை கடைசிக்குப் போகும் என்ற விதியைப் பாடநூல்கள் பெரிய அபாய அறிவிப்போடு தருகின்றன. ‘வைல் இஷ் ம்யூடெ பின்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: ஏனென்றால் – நான் – களைப்பாக – இருக்கிறேன். தமிழ் வரிசை அப்படியே இருக்கிறது. மாணவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்துவிடுங்கள், தமிழில் நினையுங்கள்.

இரண்டாம் பத்திதான் உங்கள் வகுப்பின் உயிர். ‘கு வந்தால் நான்காம் வேற்றுமை’ என்று மாணவர் மகிழ்ச்சியோடு பிடித்துக்கொண்ட அடுத்த வாரமே அது அவரைக் காலை வாரும். ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பதில் கு இருக்கிறது. ஜெர்மனிலோ ஓர் இடத்துக்குள் போவதற்கு இரண்டாம் வேற்றுமை: ‘இன் டீ ஷூலெ.’ உள்ளே இருப்பதற்குத்தான் நான்காம் வேற்றுமை: ‘இன் டேர் ஷூலெ’, பள்ளியில். கு போட்ட மாணவர் போகிறவரைப் பள்ளிக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவார். ‘கேள்’ என்ற வினை இன்னொரு கண்ணி. தமிழில் ஆசிரியரிடம் கேட்கிறோம். ஜெர்மனில் ஆசிரியரைக் கேட்கிறார்கள்: ‘இஷ் ஃப்ராகெ டேன் லேரர்.’ ‘எனக்கு அவனைத் தெரியும்’ என்பதை ஜெர்மனில் சொல்ல வரும்போது மாணவர் ‘மீர்’ என்று தொடங்குவார், ஏனென்றால் தமிழில் ‘எனக்கு’. ஜெர்மனில் அது ‘இஷ்’, நான். அதோடு, ஆளைத் தெரிவதற்கு ஒரு வினை, செய்தியைத் தெரிவதற்கு வேறொரு வினை.

மூன்றாம் பத்தியில் முதலில் வருவது பால். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. ஆண், பெண் என்ற பகுப்பு உயர்திணைக்குத்தான். ஜெர்மனில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை, சிறுமியும் இரண்டும் இல்லை. இதற்கு விளக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சொல்லின் இறுதியைக் கொண்டு ஊகிக்கும் சில விதிகள் உண்டு, அவற்றைப் பின்னால் தரலாம். ஆரம்பத்தில் பெயர்ச்சொல்லை அதன் சுட்டோடு (அதற்கு முன் வரும் டேர், டீ, டஸ் போன்ற சொல்; ஆங்கிலத்தில் ‘the’, ‘a’ மாதிரி) சேர்த்தே எழுத வையுங்கள், சேர்த்தே சொல்ல வையுங்கள். மேசைக்கு ‘டிஷ்’ என்று யாராவது தனியாகச் சொன்னால் ‘டேர் டிஷ்’ என்று முழுதாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

இந்தச் சுட்டு செய்யும் வேலை தமிழில் இல்லவே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும். ஜெர்மன் ‘ஐன் பூஹ்’, ‘டஸ் பூஹ்’ என்று பிரிப்பதில் ஒரு பங்கைத் தமிழில் ஐ உருபு செய்துவிடுகிறது. இதைக் காட்டினால் மாணவர் முகம் மாறும். தனக்குத் தெரிந்த ஒன்றுக்குப் புது உடை போடுகிறோம் என்று புரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

இரண்டாம் படி: பகுதியைத் தேர்ந்தெடுப்பது

தொடக்க நிலைக்கு நான்கு முதல் எட்டு வாக்கியம் போதும். ஆனால் அவை ஒன்றையொன்று தொடர வேண்டும்: யாரோ எதையோ செய்கிறார், அதனால் வேறொன்று நடக்கிறது. ‘தோட்டக்காரரின் மாமாவுக்கு நீலப் பேனா இருக்கிறது’ மாதிரி வாக்கியங்களை ஒதுக்கிவிடுங்கள். தொடர்ச்சி இருந்தால்தான் பிரதிப்பெயர் யாரைக் குறிக்கிறது, காலம் ஏன் மாறுகிறது என்றெல்லாம் கேட்க முடியும். ஒரு பகுதிக்கு ஒரே ஒரு புது இலக்கணம். அது பகுதிக்குள் குறைந்தது மூன்று முறை வரட்டும். புதுச் சொற்கள் பத்தைத் தாண்டினால் பகுதியைச் சுருக்குங்கள். பாடநூலில் நல்ல பகுதி இல்லையென்றால் நீங்களே எழுதலாம். எழுதியதை அந்த மொழியில் நன்கு தேர்ந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

இதோ ஒரு சின்னப் பகுதி. மீதிப் படிகளுக்கும் இதையே பயன்படுத்துகிறேன்:

‘டஸ் கிண்ட் ஃப்ராக்ட் டேன் லேரர். டேர் லேரர் ஹில்ஃப்ட் டேம் கிண்ட். ஏர் கிப்ட் ஈம் ஐன் பூஹ். டஸ் கிண்ட் டாங்க்ட் ஈம்.’

குழந்தை ஆசிரியரிடம் கேட்கிறது. ஆசிரியர் குழந்தைக்கு உதவுகிறார், ஒரு புத்தகம் கொடுக்கிறார். குழந்தை அவருக்கு நன்றி சொல்கிறது. நாலே வாக்கியம்தான். ஆனால் தமிழோடு பொருந்தும் மூன்று வினைகளும் (உதவு, கொடு, நன்றி சொல்) பொருந்தாத ஒன்றும் (கேள்) இதில் இருக்கின்றன. அப்படித் தெரிந்தே அமைத்தது.

மூன்றாம் படி: முதலில் காது

விதியைத் தொடுமுன் பகுதியை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை மாணவர் கையில் தாள் இருக்கக் கூடாது. பிறகு சேர்ந்து வாசிக்கட்டும், அப்புறம் ஒவ்வொருவராக. இந்த முறையில் படித்தவர்கள் நூலகம் நூலகமாக வாசிக்கத் தெரிந்தும் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் இந்தப் பத்து நிமிடத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான். வாரம் ஒரு முறை பழைய பகுதி ஒன்றை டிக்டேஷனாகக் கொடுங்கள். எழுத்தும் ஒலியும் பிடிபட்டிருக்கிறதா என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காம் படி: மூன்று வரிகளில் எழுத வையுங்கள்

‘மொழிபெயர்த்துக்கொண்டு வா’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரி. மேலே மூலம். அதன் கீழ் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக அதன் பொருளும் வேற்றுமையும். தமிழாக ஒலிக்காவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாம் வரியில் தமிழர் சொல்வது போன்ற தமிழ்.

முதல் வாக்கியத்துக்கு இரண்டாம் வரி இப்படி இருக்கும்: அந்தக் குழந்தை – கேட்கிறது – அந்த ஆசிரியரை. மூன்றாம் வரி: குழந்தை ஆசிரியரிடம் கேட்கிறது. ‘ஆசிரியரை’ என்பதற்கும் ‘ஆசிரியரிடம்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த வித்தியாசத்தைச் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்லுங்கள். அன்றைய பாடமே அந்த வட்டம்தான். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்குமுன் மாணவர் அதைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்.

மூன்றாம் வரியில் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘அவர் அதற்கு ஒரு புத்தகம் கொடுக்கிறார்’ என்று எழுதினால், தமிழில் நாம் அப்படிச் சொல்வோமா என்று கேளுங்கள். ‘குழந்தைக்கு ஒரு புத்தகம் கொடுக்கிறார்’ என்போம், எழுவாயை விட்டேவிடுவோம். இதையெல்லாம் மாணவர் கவனிக்கும்போது இரண்டு மொழியும் ஒருசேரக் கூர்மையாகின்றன. பழைய முறையில் இரண்டாம், மூன்றாம் வரிகளைப் பிரிக்காமல் விட்டதால்தான், தமிழும் இல்லாத ஜெர்மனும் இல்லாத ஒரு மொழியை எழுதப் பிள்ளைகள் பழகிப்போனார்கள்.

சில சொற்கள் மாணவரைத் தீர்மானம் எடுக்கச் சொல்லும். ஜெர்மன் ‘வீர்’ தமிழில் நாமா, நாங்களா? ‘ஏர்’ அவனா, அவரா? மூலத்தில் விடை இருக்காது. சூழலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இப்படி ஓர் இடம் வந்தால் அதை வேகமாகக் கடந்துபோகாமல் வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதிடச் சொல்லுங்கள். பகுதியை இவ்வளவு ஊன்றி வாசிக்க வைக்கும் பயிற்சி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: இப்போது விதி

பழைய பாடநூலில் விதி முதலில் வரும். அதைப் பின்னால் தள்ளுங்கள். மூன்று வரி எழுதி முடித்த மாணவரிடம், “டேன் எங்கே வந்தது? டேம் எங்கே வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். அவர்களே சொல்வார்கள். சொன்னதைத் தமிழ் இலக்கணச் சொற்களாலேயே போர்டில் எழுதுங்கள்: எழுவாய், செயப்படுபொருள், வேற்றுமை. பிறகு வாய்பாடு, எழுவாய், ஐ, கு என்ற வரிசையில். ஆண்பாலுக்கு டேர், டேன், டேம். இரண்டும் இல்லாததற்கு டஸ், டஸ், டேம். பெண்பாலுக்கு டீ, டீ, டேர். இதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்பது கட்டம், தாளத்தோடு சொன்னால் இரண்டு வகுப்பில் நாக்கில் ஏறிவிடும். ஆனால் வாய்பாட்டை மட்டும் ஒப்பிக்க வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் வரும் கட்டம் எது என்று கேட்டு மதிப்பெண் போடுங்கள்.

விதிவிலக்குகளை அன்றே கொட்டாதீர்கள். பகுதியில் வந்த விலக்கு மட்டும், அதுவும் ஒரே வரியில்.

ஆறாம் படி: திருப்பி மொழிபெயர்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுத்துக்கொண்டு போங்கள். ரோஜர் ஆஸ்கம் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் இளமைக்கால ஆசிரியர். அவர் இறந்தபின் 1570-இல் வெளியான நூலில் இதைத்தான் வலியுறுத்துகிறார். பண்டை ரோமானிய எழுத்தாளர் சிஸரோவின் இலத்தீன் கடிதம் ஒன்றை மாணவர் ஆங்கிலமாக்க வேண்டும். ஆசிரியர் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுவார். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, மாணவர் தான் எழுதிய ஆங்கிலத்தையே திரும்ப இலத்தீனாக்க வேண்டும். அப்புறம் அதைச் சிஸரோவின் மூலத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்ய எதுவும் வாங்க வேண்டியதில்லை. முந்தைய வகுப்பில் எழுதிய மூன்றாம் வரியை, அந்த நல்ல தமிழை மட்டும், வேறு தாளில் எழுதிக் கொடுங்கள். மூலத்தைப் பார்க்காமல் ஜெர்மனுக்குக் கொண்டுபோகட்டும். முடித்தபின் மூலத்தைக் கொடுங்கள். அவரவர் தாளை அவரவரே திருத்தட்டும்.

நம் பகுதியை வைத்து என்ன நடக்கும் என்று பார்க்கலாம். ‘ஆசிரியர் குழந்தைக்கு உதவுகிறார்’ பெரும்பாலும் சரியாக வந்துவிடும், ஏனென்றால் தமிழே கைகொடுக்கிறது. ‘குழந்தை ஆசிரியரிடம் கேட்கிறது’ என்ற இடத்தில் ‘டேம் லேரர்’ என்று பலர் எழுதுவார்கள்; மூலத்தில் ‘டேன்’ என்று பார்ப்பார்கள். சிவப்பு வட்டம் போட்ட அதே இடம். முந்தைய வகுப்பில் பார்த்துத் தலையாட்டிய விதி தன் கைக்கு இன்னும் வரவில்லை என்று அப்போதுதான் அவருக்கே தெரியும். அந்தத் தவறுக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்: ‘தமிழில் -இடம், ஜெர்மனில் -ஐ’. அடுத்த வாரம் அதே பகுதியை மறுபடி கொடுங்கள்.

அயல்மொழியிலிருந்து தாய்மொழிக்கு மட்டும் மொழிபெயர்த்தால் மாணவர் ஊகித்தே ஒப்பேற்றிவிடலாம். நாலு சொல் தெரிந்தால் வாக்கியத்தின் பொருள் பிடிபட்டுவிடும். டேன், டேம் எதுவும் கண்ணில் படாது. திருப்பி வரும்போது ஊகம் செல்லாது. ஒவ்வொரு ஈறையும் தானே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். மாணவர் எழுதியது மூலத்திலிருந்து வேறுபட்டாலே தவறு என்று ஆகாது. ‘டேர் லேரர்’ என்ற இடத்தில் ‘ஏர்’ என்று எழுதியிருக்கலாம், சொல்வரிசை மாறியிருக்கலாம். அதுவும் சரியான ஜெர்மன்தானா என்று பாருங்கள். சரியென்றால் இரண்டையும் போர்டில் எழுதி, எது எப்போது பொருந்தும் என்று பேசுங்கள். இதற்கு நீங்கள் மொழியை நன்றாக அறிந்திருக்க வேண்டும். விடைத்தாளை வைத்துக்கொண்டு நடத்த முடியாத பகுதி இது.

ஏழாம் படி: தமிழை எடுத்துவிடுங்கள்

அதே பகுதியை வைத்து அந்த மொழியிலேயே கேள்வி கேளுங்கள். யார் கேட்கிறார்? ஆசிரியர் யாருக்கு உதவுகிறார்? என்ன கொடுக்கிறார்? பதிலுக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் ஏற்கெனவே தெரிந்தவை, ஆகவே கூச்சம் குறையும். அப்புறம் ஆளை மாற்றுங்கள்: குழந்தைக்குப் பதில் நண்பர், புத்தகத்துக்குப் பதில் வேறொரு பொருள். கடைசியாகத் தாளை மூடிவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பேச்சுப் பயிற்சியில் பொருள் புரியாமல் மாணவர் திணறினால், சி. ஜே. டாட்ஸன் 1967-இல் விளக்கிய இருமொழி முறையிலிருந்து ஓர் உத்தியை எடுத்துக்கொள்ளலாம். அயல்மொழி வாக்கியத்தைச் சொல்லி, உடனே அதன் பொருளை மெதுவாகத் தாய்மொழியில் ஒரே ஒரு முறை சொல்லி, மறுபடி அயல்மொழியில் சொல்வது. படம் வரைந்தும் நடித்தும் ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டியதை இது ஐந்து விநாடியில் முடித்துவிடும். மிச்சமான நேரம் பேசுவதற்கு. வகுப்பில் தாய்மொழி எவ்வளவு இருக்கலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: பொருளும் விதியும் சொல்ல இருக்கட்டும், அரட்டைக்கும் கட்டளைக்கும் வேண்டாம். ‘புத்தகத்தைத் திறங்கள்’ என்பதை முதல் நாளிலிருந்தே அந்த மொழியில் சொல்லுங்கள்.

சொற்பட்டியல், திருத்தம்

சொல்லைத் தனியாக எழுத வைக்காமல், அது வந்த வாக்கியத்தோடு எழுத வையுங்கள். வினைச்சொல்லுக்கு அது எந்த வேற்றுமையை ஏற்கும் என்பதையும் சேர்த்து.

திருத்தும்போது எல்லாவற்றையும் சிவப்பாக்க வேண்டாம். அன்றைய இலக்கணத்தில் வந்த தவறுக்கு அடிக்கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். சரியானதை அவரே எழுதட்டும். மற்றத் தவறுகளில் பொருளைக் கெடுப்பதை மட்டும் நீங்கள் திருத்துங்கள். நீங்கள் முழுதாகத் திருத்திக் கொடுத்த தாளை மாணவர் மதிப்பெண்ணுக்காக ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

மொழிபெயர்ப்புச் செயலிகள்

வீட்டுப்பாடமாக மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் செயலிதான் செய்துகொண்டு வரும். தடை போட்டு நிறுத்த முடியாது. ஆகவே மூன்று வரியையும் திருப்பி மொழிபெயர்ப்பதையும் வகுப்பிலேயே, கையால் செய்ய வையுங்கள். வீட்டுக்கு வேறு வேலை கொடுங்கள்: செயலி தந்த தமிழை எடுத்துவந்து அதில் எங்கே பிசகியிருக்கிறது என்று குறித்து வரட்டும். நாம், நாங்கள் குழப்பம், அவன், அவர் குழப்பம், யாரைக் குறிக்கிறது என்று தெரியாத பிரதிப்பெயர் போன்றவற்றைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு மொழியின் இலக்கணமும் தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும். பிற்காலத்தில் வேலையிலும் அவர்களுக்கு இதே திறன்தான் தேவைப்படும். ஐரோப்பிய மன்றத்தின் மொழித்தர வரையறையும் 2020-இல் வெளியிட்ட துணைத் தொகுதியில், ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழிக்காரருக்கு எடுத்துச் சொல்லும் திறனுக்கு விரிவான அளவுகோல்கள் தந்திருக்கிறது.

யாருக்கு இது பொருந்தாது

சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். அவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும்தான் வழி. தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மூன்று வரி உதவாது. மாணவர்கள் பல தாய்மொழிக்காரர்களாக இருந்தாலோ, அவர்களின் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டாலோ இந்த முறையின் ஆணிவேரே இல்லை. அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிறவருக்கும் முதலில் பேச்சு வாக்கியங்களைக் கொடுங்கள், வேற்றுமை பிறகு வரட்டும். மாறாக, நூல் வாசிக்க, ஆய்வு செய்ய, மொழிபெயர்ப்பாளராக, எழுத்துத் தேர்வு எழுதப் படிக்கிறவருக்கும், வழக்கில் பேசாத பழைய மொழிகளைப் படிக்கிறவருக்கும் இதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

முந்தைய பகுதியைத் திருப்பி மொழிபெயர்த்துத் திருத்த முதல் 15 நிமிடம். புதுப் பகுதியைக் கேட்க, வாசிக்க 10. மூன்று வரி எழுத 15. விதிக்கும் வாய்பாட்டுக்கும் 8, அதற்கு மேல் போக வேண்டாம். மீதி 12 நிமிடம் முழுக்க அந்த மொழியில் பேச. நேரம் போதவில்லையென்றால் விதியில் குறையுங்கள், பேச்சில் கை வைக்காதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் ஆனதும் இரண்டாம் வரியை எல்லா வாக்கியத்துக்கும் எழுத வைப்பதை நிறுத்திவிட்டு, சிக்கலான வாக்கியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘டஸ் பூஹ், டஸ் இஷ் லேஸெ’ மாதிரி, தமிழில் ‘நான் படிக்கிற புத்தகம்’ என்று தலைகீழாக வரும் தொடர்களுக்கு அது நெடுநாள் தேவைப்படும். ஏதாவது ஓர் இலக்கணத்தில் தவறு மறுபடி கூடினால் அந்த இலக்கணத்துக்கு மட்டும் இரண்டாம் வரியைத் திரும்பக் கொண்டுவந்து, தவறு அடங்கியதும் எடுத்துவிடுங்கள்.